திரும்பி வராத மின்சாரம்

ஐப்பசி மழை விட்டும் தூவானம் விடாத ஒரு காலைப்பொழுது. பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நம் கிளைக்கு வந்தார். முதிர்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்த வைப்புத்தொகை ஒன்றை முறித்துப் பணமாகப் பெற வேண்டும் என்றார். மனைவியின் முழங்கால் அறுவை மருத்துவத்துக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த தொகை அது. வைப்பைத் தொடங்கிய நாளில் அவரே நம்மிடம் சொல்லியிருந்தார். ஆகவே படிவத்தை எடுக்கும் முன் காரணத்தைக் கேட்டோம்.

"வீட்டில் அப்பா காலத்துக் கார் ஒன்று நிற்கிறது சார். ஓணத்துக்குப் பிறகு கிளம்பவே மாட்டேன் என்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, இறக்கிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எண்பதாயிரம் ஆகுமாம்."

"விளக்குகள் எரிகின்றனவா?" என்று கேட்டோம்.

"பளிச்சென்று எரிகின்றன. ஹாரனும் அடிக்கிறது. அதனால்தான் மின்சாரத்தில் குறையில்லை, குற்றம் எஞ்சினில்தான் என்று முடிவு கட்டினார்கள்."

நாம் வணிகவியல் படித்தவர்கள். எஞ்சினைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி நமக்கில்லை. எனினும், ஒரு கணக்கைச் சரிபார்க்காமலேயே முடித்துவிட்டது போன்ற உறுத்தல் ஏற்பட்டது. வைப்பை இடையில் முறித்தால் வட்டி குறையும், அவசரமென்றால் அதன் மீதே கடன் பெறலாம் என்பவற்றை எடுத்துரைத்து, ஒரு வாரம் பொறுத்து வேறொருவரிடமும் வண்டியைக் காட்டும்படி வேண்டிக்கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரின் அழைப்பின்பேரில் நாமும் சென்றோம். அன்று அங்கே கண்டதும் கேட்டதும், பழைய வாகனம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

சென்னையில் பிறந்த வண்டி

வண்டி 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆசிரியரின் தந்தையார் கொப்பரை வணிகத்தில் ஈட்டிய பணத்தில் வாங்கியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் உறவும் அப்பால் உறவுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு, எல்லையைக் கடந்து திருமணத்துக்கும் துக்கத்துக்கும் சென்று வர இத்தகைய வண்டி பெருந்துணையாக இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959இல் ஹெரால்டை வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இதன் இதயம். முன்புற பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பும்.

1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி அதன் மேல் கட்டப்பட்டது. ஆகவே நம் ஊர் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு எனலாம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. இவ்வண்டிக்குச் சொல்லப்போகும் சோதனைகள், அக்காலத்து ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும், நம் ஊர்ப் பழைய ஃபியட், அம்பாசிடர் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இங்கிலாந்தில் அக்காலத்துக் கார்களின் மின்கருவிகளைப் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனமே செய்தது. இங்கும் 1961இல் லூக்காஸ் டி.வி.எஸ். தொடங்கப்பட்டுச் சென்னை பாடியில் ஆலை அமைந்தது. மேலைநாட்டுப் பழைய கார் பிரியர்கள் லூக்காஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வதுண்டு. ஆனால் அனுபவமுள்ள மின்பணியாளர்கள் அக்கேலியை அப்படியே ஏற்பதில்லை. கருவி கெடுவதைவிட, அதைச் சேரும் இணைப்புகள் துருவேறுவதே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அதற்குச் சான்று அன்று நம் கண்ணெதிரே கிடைத்தது.

சோக் கம்பி ஏன் சுட்டது?

மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுபதைக் கடந்தவர். பையில் ஒரு டெஸ்ட் பல்பு, ஒரு மல்டிமீட்டர், உப்புத்தாள், இரு முனையிலும் கவ்விகள் கொண்ட தடித்த கம்பி ஒன்று. பானெட்டைச் சாய்த்ததும் அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை.

"சார், சாவியைப் போட்டு செல்ஃபை இரண்டு தடவை இழுங்கள்" என்றார்.

உள்ளே 'டக்' என்றொரு ஓசை. எஞ்சின் அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. மீண்டும் அதே. பெரியவர் டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் சோக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆசிரியரையும் தொடச் சொன்னார்.

"ஐயோ, சுடுகிறதே அண்ணாச்சி!"

"சுடத்தானே செய்யும்? செல்ஃபுக்குப் போன கரண்டெல்லாம் இது வழியாகத்தான் வீடு திரும்புகிறது."

சோக் கம்பி மின்கம்பியே அன்று. அதில் மின்சாரத்துக்கு வேலையில்லை. பின் ஏன் சுட்டது? பெரியவரின் விளக்கம் கணக்கு எழுதுவோருக்கு எளிதில் விளங்கக்கூடியது. பற்று வைத்தால் வரவும் வைக்க வேண்டும். அதுபோல, பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்சாரம் மறு முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். போகும் வழிக்கு நிறம் தீட்டிய வயர்கள் உண்டு. திரும்பும் வழி காரின் உடலே. அதைத்தான் பட்டறையில் 'பாடி எர்த்' என்பார்கள். வயர் தென்படுவதால் போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். தென்படாததால் திரும்பும் வழியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

எஞ்சின், அதிர்வு தெரியாதிருக்க ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. இவ்வண்டியில் அந்த எர்த் பட்டை களிம்பேறிப் பச்சையாகி, போல்ட்டின் அடியில் இற்றுப்போயிருந்தது. விளக்கும் ஹாரனும் எஞ்சினைச் சாராமல் உடல்வழியே திரும்புவதால் குறைவின்றி இயங்கின. செல்ஃப் மோட்டார் எஞ்சினில் பொருத்தப்பட்டது. அதன் மின்சாரம் திரும்ப வழியின்றி, எஞ்சினையும் டாஷ்போர்டையும் இணைக்கும் மெல்லிய சோக் கம்பியைப் பற்றிக்கொண்டது. இன்னும் சில முறை இழுத்திருந்தால் கம்பி சிவக்கப் பழுத்துப் புகைந்திருக்கும்.

கணக்காகவும் பார்க்கலாம். செல்ஃப் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். இணைப்பில் ஒரு ஓமின் இருபதில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலும் போதும். 5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் மிஞ்சுவது 7. அதைக் கொண்டு எஞ்சினைச் சுழற்ற இயலாது. டிஸ்ட்ரிபியூட்டரும் எஞ்சினிலேயே இருப்பதால் பொறியும் நலிந்துபோகும். ஆக, 'எஞ்சின் இறுகிவிட்டது' எனத் தோன்றியதும், 'பொறி இல்லை' எனத் தோன்றியதும் ஒரே குறையின் இரு முகங்கள்.

பெரியவர் தம் தடித்த கம்பியின் ஒரு கவ்வியைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் மாட்டினார். "இப்போது இழுங்கள் சார்." எஞ்சின் விசையோடு சுழன்றது, நான்காம் சுற்றில் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. ஆசிரியரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வந்து நின்றார். எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

மழைக்காலத்து மறைவான குறை

புதிய எர்த் பட்டை போடப்பட்டது. ஆயினும் மறுநாள் விடியற்காலை ஈரத்தில் வண்டி இருமி இருமி ஓடியதாக ஆசிரியர் தொலைபேசியில் தெரிவித்தார். இது இரண்டாவது குறை. இதைப் புரிந்துகொள்ள, பொறி பிறக்கும் விதத்தைச் சற்று அறிய வேண்டும்.

அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1910இல் காடிலாக் கார்களில் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது. இக்னிஷன் காயிலில் இரண்டு சுருள்கள் உள்ளன. சில சுற்றுகளே கொண்ட முதற்சுருளில் 12 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபடுகிறது. உடனே பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியே உரிய பிளக்கைச் சென்றடைந்து பொறியாகத் தாவுகிறது. பாயிண்ட் தீய்ந்துபோகாமல் காப்பதும், ஓட்டம் சட்டென்று அறுபட உதவுவதும் கண்டென்சரின் பணி.

இத்தனை ஆயிரம் வோல்ட்டுக்கு ஈரமும் அழுக்குமே போதிய பாதை. நம் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்கிறது. வயரைக் கடிக்கும் எலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுபடியும் வந்த பெரியவர் மாலை மயங்கும்வரை காத்திருந்தார். கொட்டகை இருண்டதும் எஞ்சினை ஓடவிட்டு, எட்டி நின்று பார்க்கச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நூலிழை போன்ற நீலப்பொறி ஓடி மறைந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றிப் பார்த்தால், உட்புறத்தில் பென்சிலால் கீறியது போன்ற கரிக்கோடு. மயிரிழை விரிசலில் கரி படிந்து, பிளக்குக்குச் செல்ல வேண்டிய மின்சாரத்தை எஞ்சினுக்குள் கசியவிட்டிருக்கிறது. இத்தகைய மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாயிண்டும் குழி விழுந்திருந்தபடியால் பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றினார். இரண்டு வருகைக்குமான கூலி, பாகங்கள் அனைத்தும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

சோதனைக்கு ஒரு வரிசை

எண்பதாயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே இருந்தது ஒரு மீட்டரும், வரிசை தவறாத பொறுமையும்தான். பெரியவர் சொன்ன வரிசையை அவ்வண்ணமே தருகிறோம்.

முதலாவது, பேட்டரி. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நிலையில் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. செல்ஃபை இழுக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் ஐயுற வேண்டும்.

இரண்டாவது, திரும்பும் வழி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, செல்ஃபை இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். ஹெரால்டின் முகப்பு விளக்குகள் சாயும் பானெட்டில் இருப்பதால், அவற்றுக்கான எர்த் வயரையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காயில். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் காயில் முனையில் டெஸ்ட் பல்பின் ஒரு முனையையும், எர்த்தில் மறுமுனையையும் வைத்து எஞ்சினைச் சுழற்றினால் பல்பு மினுக்க வேண்டும். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை என்று பொருள். எரியவே இல்லையெனில் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை.

நான்காவது, இடைவெளிகள். ஃபில்லர் கேஜ் கொண்டு அளந்தால் பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் 0.38 மில்லிமீட்டர், பிளக் முனையில் 0.64 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக் வயர்களைக் கழற்றினால் வரிசை மாறிவிடக் கூடாது. இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற முறையில் எரிகிறது.

ஐந்தாவது, சார்ஜ். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் பேட்டரியில் 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பழைய டைனமோ மெதுவோட்டத்தில் சார்ஜ் தராது; அதைக் குறையென்று எண்ணி மாற்றிவிட வேண்டாம்.

வயரின் நிறங்களும் கணக்குத் தலைப்புகளைப் போன்றவை. பிரிட்டிஷ் முறையில் பழுப்பு நிறம் எந்நேரமும் மின்சாரம் உள்ளது. வெள்ளை, சாவி திருப்பியபின் வருவது. பச்சை, அதிலிருந்து ஃப்யூஸ் வழியே வருவது. கறுப்பு, எர்த். இடையில் யாரேனும் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டிருந்தால், அங்கேதான் முதலில் ஐயம் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். நான்கு பாகங்களை ஒருங்கே மாற்றி வண்டி ஓடிவிட்டால், குறை எதுவென்று ஒருபோதும் தெரியாது. பேரேட்டில் வித்தியாசத்தைத் தேடாமல் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடுவது போன்றது அது. மீண்டும் தலைகாட்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைத் தொடலாகாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகிலும் செல்லலாகாது. பெட்ரோல் வாடை இருந்தால் எச்சோதனையும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது அதை இறுதியிலும் கையாள வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரையிலான பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் உடலோடு இணைந்திருந்தது நேர்முனை. ஆகவே புதிய பேட்டரி மாட்டும் முன் எந்த முனை உடலில் சேர்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்யூஸ் எரிந்தால் அதே அளவுள்ள ஃப்யூஸையே போட வேண்டும். வெறும் கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும்.

வண்டியின் தாள்கள்

வண்டியைப் போலவே அதன் தாள்களிலும் மறைந்த குறைகள் இருக்கலாம். அவற்றைச் சொல்வது நம் கடமை.

காப்பீடு: வாகனத்தின் முழுக் காப்பீடு தீயினால் நேரும் சேதத்தை ஏற்கும். தேய்மானத்தையும், இயந்திர, மின்கோளாறுகளையும் ஏற்காது. எர்த் பட்டையைச் சீர்செய்யும் செலவு உங்களுடையதே. ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நீங்களும் நிறுவனமும் பேசி முடிவுசெய்வது. பேசாமல் கையெழுத்திட்டால், பாதுகாத்து வைத்த வண்டிக்கும் பழைய இரும்பு விலையே எழுதப்படக்கூடும்.

பதிவு: 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதிய 2021 விதிகள் வழிசெய்கின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாகாது. சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிச் செல்வோர் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நன்று.

எல்லை: மார்த்தாண்டத்தின் டி.என். 75 எண்ணுள்ள வண்டியை வாங்கிப் பாறசாலையில் வைத்திருப்போர் நம் பகுதியில் பலர். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், முன்பு பதிந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்று, அம்மாநிலத்தில் புதிய எண் பெற வேண்டும்.

கடன் குறிப்பு: எப்போதோ அடைத்த வாகனக் கடனுக்கான அடமானக் குறிப்பு, பதிவுச் சான்றில் நீக்கப்படாமலேயே நிற்பதுண்டு. விற்கும்போதும் காப்பீட்டுத் தொகை பெறும்போதும் அது தடையாகும். கடன் தந்த வங்கியில் படிவம் 35இல் ஒப்பமும் தடையில்லாச் சான்றும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை நீக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஆசிரியர் ஓய்வூதியக் கணக்கைப் பதிந்துகொள்ள வந்திருந்தார். வண்டி வாசலில் நின்றது. சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். மாத முதல் நாளன்று தாமே மீட்டர் வைத்து எடுத்த அளவுகள் அதில் இருந்தன: பேட்டரி 12.6, எர்த் 0.2, சார்ஜ் 14.1. அதன் கீழே, அதே கையெழுத்தில், வைப்புத்தொகை முதிரும் நாளையும் குறித்து வைத்திருந்தார்.